முந்நூற்று ஐம்பத்தைந்தாவது விளக்கு

அத்தியாயம் 9

காலை ஐந்து முப்பத்தொன்றுக்கு என் கணவருடைய போன் அடித்தது.

நான் அதற்கு முன்பே விழித்திருந்தேன். ஒரு வருஷமாக அப்படித்தான். அலாரம் என்னை எழுப்புவதில்லை. அது அடிப்பதற்காக நான் காத்துக்கிடக்கிறேன்.

கீறல் விழுந்த திரையை முந்தானையால் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தேன். கடல் வந்தது. நடுவில் ஒரு தீவு, தீவில் ஒரு குடிசை, குடிசை வாசலில் ஒரு விளக்குக் கம்பம். தொட்டதும் விளக்கு எரிந்தது. மேலே எண் மாறியது. 355.

இன்னும் பத்து.

பக்கவாட்டில் அவருடைய குழுவில் இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பதினேழு பேர். இந்த நேரத்தில் பெரும்பாலும் எல்லாப் பெயரும் சாம்பல் நிறத்தில் தூங்கும். 'மின்மினி' என்ற ஒரு பெயருக்குப் பக்கத்தில் மட்டும் பச்சைப் புள்ளி இருக்கும். இன்றும் இருந்தது. யாரோ, எந்த ஊரோ. நான் ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்த பிறகுதான் எழுந்து வாசல் தெளிப்பேன்.

என் கணவர் டில்லிபாபு பைபாஸ் ஓரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். ஆர்.கே.பேட்டை பக்கம் இருக்கும் நிலத்தை அவருடைய அண்ணன் கண்ணையன் பார்த்துக்கொள்ள, இவர் சுற்றுப்பட்டு ஊர்களின் போர் மோட்டார்களைப் பிரித்துக் கட்டினார். கட்டிய காயிலுக்கு வார்னிஷ் அடித்தால் காய வேண்டும். காயும் நேரமெல்லாம் கையில் போன். ஐம்பத்தோரு வயதில்.

மற்ற வீடுகளில் சாப்பிடும்போது சினிமா பேசுவார்கள். எங்கள் வீட்டில் இன்னும் வெளிவராத போன் ஆட்டங்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். கடை பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் ஆட்டத்தின் பெயர், வரும் மாதம், தன் போனில் ஓடுமா ஓடாதா என்று எழுதி வைப்பார். ஓடாத ஆட்டங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறார்.

"தமயந்தி, தை மாசம் ரயில் ஓட்டற ஆட்டம் ஒன்னு வருது. அரக்கோணம் மாதிரி ஜங்ஷன்லாம் நாமளே கட்டலாம்."

"காசா?"

"ஃப்ரீ!"

அந்த 'ஃப்ரீ'யை அவர் சொல்லும்போது, யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலை போட்டு உட்கார வைத்தது போல முகம் மலரும். தேதி தள்ளிப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. 'மறுபடி தள்ளிட்டான்' என்பார், நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுவிட்டது போல.

இந்தத் தீவு ஆட்டமும் ஃப்ரீதான். ஆனால் தீவைவிட்டு வெளியே போக வெள்ளைப் படகு வேண்டும். பணம் கட்டினால் அன்றைக்கே படகு. கட்டாதவர்கள் ஒருநாள் தவறாமல் முந்நூற்று அறுபத்தைந்து நாள் விளக்கேற்ற வேண்டும். ஒருநாள் விட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து. அவர் இரண்டு முறை விட்டார். ஒருமுறை யுவஸ்ரீக்கு டெங்கு. மறுமுறை இடி மழையில் கரண்ட் இல்லாமல் போன் செத்துப்போனது.

"அதைக் காசு குடுத்து வாங்கிட்டாத்தான் என்னாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காசு குடுத்து ஏறிப் போறவன் போவட்டும். நான் இருந்து போறேன்" என்றார்.

இருக்கவில்லை. போன வருஷம் ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கடையிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை, ஐஸ் பெட்டியைச் சுற்றி எல்லோரும் அழுது களைத்துக் கிடந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்திருந்த போன் அடித்தது. சத்தத்தை நிறுத்த எதையோ தொட்டேன். விளக்கு எரிந்தது. இடி மழையில் அவர் விட்டது முந்தின நாள் காலைதான், எண் ஒன்று என்று காட்டியது.

அன்றிலிருந்து நான்தான் ஏற்றுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் செத்த வீட்டில் பெண்டாட்டி விடியற்காலையில் போனில் ஆடுகிறாள் என்றால் யார் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் நடந்தது. வரப்போகும் ஆட்டங்களுக்கு அவர் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். அவை வெளியாகும் நாளில் தானாக வந்து போனில் இறங்கின. ஐப்பசியில் ஒன்று. கார்த்திகையில் ஒன்று. தையில் அந்த ரயில் ஆட்டம் வந்து, 'டில்லிபாபு, நீங்கள் காத்திருந்தது வந்துவிட்டது' என்று ஒரு வரி காட்டியது. அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அப்படியே இருக்கிறது.

நேற்று வருஷ தெவசம் முடிந்தது. திதிக்கணக்கில் வருஷம் பதினோரு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஐயர் வருஷம் முடிந்தது என்றார். தீவில் முடியவில்லை.

*

ஏழு மணிக்கு அவருடைய அண்ணன் கண்ணையன் பாவா வந்துவிட்டார். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை.

"கெளம்புங்கம்மா. வெயில் ஏறங்காட்டியும் மேல போயிடணும்."

துக்கம் நடந்த வீட்டார் வருஷம் திரும்பும்வரை மலை ஏறக்கூடாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது எப்போதோ வரும் தடை. எங்களுக்குத் திருத்தணி மலை வாசலிலேயே நிற்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சம் பேர் காவடியோடு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன்.

மகள் யுவஸ்ரீ தெவசத்துக்காக வந்தவள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை, அங்கேயே ஹாஸ்டல். வந்ததிலிருந்து என்னோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டாள். நானும் அவளும் அவர் வழியாகவே பேசிப் பழகிவிட்டோம். அவர் போன பிறகு யார் முதலில் தொடங்குவது என்று தெரியவில்லை.

சரவணப் பொய்கைக் கரையில் பாவா மொட்டை போட்டுக்கொண்டார். சந்தனம் பூசிய தலையோடு வந்து கை நீட்டினார்.

"தம்பி போனு உங்கிட்ட தான கீது? குடும்மா. மேல கூட்டத்துல தவறிடப் போவுது. நான் வச்சிக்கறேன்."

கொடுத்தேன். அவர் அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எவ்வளவு பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்தேன்.

திருத்தணி மலைக்கு வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஏறும்போது எண்ணினேன். எண்ண வேண்டும் என்று நினைக்கவில்லை, கால் தானாக எண்ணியது. முப்பதாவது படியில் அவருடைய முப்பதாம் நாள் காரியம் நினைவுக்கு வந்தது. நூற்றைம்பதில் பொங்கல், பானை வைக்காத பொங்கல். முந்நூற்று ஐம்பத்தைந்தில் நின்றேன்.

"மூச்சு வாங்குதாம்மா?" என்றார் பாவா மேலிருந்து.

"இல்லீங்க பாவா."

யுவஸ்ரீ என் பக்கத்தில் நின்றுவிட்டாள். மீதி இருந்த படிகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேலே ஏறினாள்.

தரிசனம் நன்றாகவே கிடைத்தது. அவர் பெயருக்கு அர்ச்சனை இல்லை, இனி கிடையாது. அர்ச்சகர் பெயர் கேட்டபோது நாக்கு 'டில்லிபாபு' என்று தொடங்கிவிட்டது. "யுவஸ்ரீ" என்று மகள் முந்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பெரிய உண்டியல். பாவா பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். காணிக்கைக் காசு என்று நினைத்தேன். முடிச்சு உண்டியல் வாயில் சிக்கியது. உள்ளங்கையால் அழுத்தினார். உள்ளே போய் விழுந்தது. அது காசு விழும் சத்தம் இல்லை.

"பெரிநைனா!" யுவஸ்ரீ தன் பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "இன்னா போட்டீங்க?"

பாவா கை கூப்பியபடி கண்ணை மூடி நின்றார். கன்னத்தில் நீர் வழிந்தது.

"வேண்டிகினது. தம்பி கையில கடைசியா இருந்த பொருளு. வருஷம் முடிஞ்சா முருகன்கிட்ட சேத்துடறேன்னு வேண்டிகினேன்."

"எங்களக் கேக்கவே இல்லியே!"

"கேட்டா குடுப்பீங்களா?" அவர் திரும்பினார். "அன்னிக்கு நாலு மணிக்கு மூணு தடவ கூப்ட்டேன். மூணு தடவ. எடுக்கல. ஆடிகினு இருந்தான். எடுத்திருந்தா கொரல்லயே கண்டுபுடிச்சிருப்பேன், ஓடியாந்திருப்பேன். அந்த போனு வீட்ல இருக்கவேணாம். அது என் தம்பிய சாப்ட்டுச்சு."

இன்னும் பத்து விளக்கு இருந்தது. பத்து என்ற எண் மட்டும் தலைக்குள் நின்றது.

*

கோயில் அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையானவர். நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உண்டியல்ல விழுந்தது சாமிக்குங்க. தெறக்கற அன்னிக்குத்தான் எடுப்போம். இன்னும் பன்னெண்டு நாள் கீது. சிம் கார்டு வேணும்னா எழுதிக் குடுங்க, பெரியவங்களக் கேட்டு சொல்றோம்."

"பன்னெண்டு நாளா?" என்றாள் யுவஸ்ரீ.

"போன தடவ ஒருத்தர் வீட்டு சாவி உள்ள விழுந்துடுச்சு. பூட்ட ஒடைச்சிதான் வீட்டுக்குள்ள போனாராம். உங்களுக்கு போனு தான, விடுங்க."

எழுதிக் கொடுத்தோம். பாவா அலுவலகத்துக்குள் வரவே இல்லை. வெளியே தூணில் சாய்ந்து, சந்தனம் காய்ந்து வெடித்த தலையோடு நின்றார். நாங்கள் அவரைக் கடந்து நடந்தோம். அவர் பின்னால் வந்தார்.

நூறு படி இறங்கியிருப்போம். ஒரு குரங்கு யாருடைய தேங்காய் மூடியையோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. யுவஸ்ரீ நின்றாள்.

"நாளைக்கி எப்படிம்மா வெளக்கேத்துவ?"

நானும் நின்றேன்.

"என்ன வெளக்கு?"

"அம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தன் போனை எடுத்தாள். அதே கடல். வேறு ஒரு தீவு, வேறு ஒரு குடிசை. மேலே பெயர்: மின்மினி.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நைனா இருக்கும்போதே சேந்தேன். அவருக்குத் தெரியாது. ஒருநாள் சொல்லி சிரிக்க வைக்கலாம்னு இருந்தேன்." அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்ட மணிக்கணக்கா எழுதுவாரு. எந்த ஆட்டம் வருது, எது ஃப்ரீ, எது நல்லா இருக்கும்னு. ஒருநாள் எழுதினாரு, உங்க வயசுல எனக்கு ஒரு பொண்ணு கீதும்மா, அவளுக்கு இதெல்லாம் புடிக்காது, நான் பேசினா காதுல ஹெட்போன் மாட்டிப்பான்னு."

"நீ என்ன எழுதின?"

"கேட்டுப் பாருங்க அங்கிள், பேசுவாங்கன்னு எழுதினேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த வாரமே போயிட்டாரு."

கீழே பஸ் ஹாரன் கேட்டது. பாவா நாலைந்து படி மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாவு முடிஞ்சு ஹாஸ்டலுக்குப் போனேன். ஒருநாள் காலைல தொறந்தா நைனா வெளக்கு எரியுது. பயந்துட்டேம்மா. அப்பறம் பாத்தா, டெய்லி கரெக்டா அஞ்சு முப்பத்தொன்னு. வெளக்க ஏத்திட்டு ரெண்டே நிமிஷத்துல போயிடறாங்க. நைனாவா இருந்தா தீவுல மீன் புடிக்காம போவாரா? நீதான்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு."

"சொல்லியிருக்கலாமே, யுவா."

"சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திடுவன்னு தோணிச்சு. நீயும்தான் சொல்லல."

ஒரு வருஷம். இங்கே நானும் அங்கே அவளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒருவர் புள்ளியை மற்றவர் பார்த்துவிட்டு, தனித்தனியாக எழுந்து போயிருக்கிறோம். பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்" என்று பேசி வைத்திருக்கிறோம்.

"இன்னும் எத்தினி நாள் பாக்கி?" என்றார் பாவா. குரல் அவருடையது போலவே இல்லை.

"பத்து நாள் பெரிநைனா. பத்தே நாள்."

"பத்து நாள்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொன்னா சிரிப்பீங்கன்னு இருந்தேங்க பாவா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

*

மாலை வீட்டில் மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பாவா ஊருக்கு பஸ் ஏறப் போகவில்லை. போகச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

வேறு போனிலிருந்து அவர் கணக்கைத் திறக்க முடியாது. ரகசிய எண் அவர் நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பர் உண்டியலுக்குள் இருக்கிறது. அவர் பெயரில் புது சிம் கேட்டால் அவரையே நேரில் வரச் சொல்வார்கள்.

"காசு கட்டிப் படக வாங்கிடு" என்றார் பாவா. "எவ்ளோ ஆனாலும் நான் குடுக்கறேன்."

"அவர் கணக்குக்குள்ள போனாத்தான் பெரிநைனா கட்ட முடியும். அப்படியே முடிஞ்சாலும் நைனாவுக்கு அது வேணாம்."

யுவஸ்ரீ சற்று நேரம் போனைத் துழாவினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒரு வழி கீது. வர முடியாதவங்க வெளக்க குழுவுல இருக்கறவங்க ஏத்தலாம். ஆனா ஒருத்தர் ஒரே ஒரு தடவதான். வாழ்நாள்லயே ஒரு தடவ."

"அப்போ பத்து நாளுக்குப் பத்து பேரு" என்றேன்.

"நான் ஒன்னு. இன்னும் ஒம்போது பேரு வேணும். கேக்கணும்."

கேட்பதென்றால் என்ன என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குழுவில் இருப்பவர்களுக்கு அவர் உயிரோடு இருக்கிறார். தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு, ஏனோ யாரோடும் பேசாமல் போய்விடும் டில்லி அண்ணன். இந்த ஊரில், இந்தத் தெருவில், இந்த வீட்டில் அவர் இல்லை. அங்கே ஓர் இடத்தில் மட்டும் இன்னும் இருந்தார். பத்து விளக்கு வேண்டுமென்றால் அங்கேயும் அவரைச் சாக விட வேண்டும்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். சோற்றுக்கு அரிசி களைந்தேன். களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். ஒரு வருஷத்துக்கு முன் ஊருக்கெல்லாம் பாவாதான் போன் செய்து சொன்னார். நான் யாருக்கும் என் வாயால் சொன்னதில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"எழுது."

"என்னன்னு?"

"டில்லிபாபு போன வருஷம் ஆவணியிலே காலமாகிவிட்டார். இத்தனை நாள் விளக்கேற்றியது அவர் மனைவி தமயந்தி. அவர் போன் இப்போது எங்களிடம் இல்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது. உங்களால் முடிந்தால் ஒருநாள் ஏற்றுங்கள். உங்களிடம் மறைத்ததற்கு மன்னிக்கவும்."

அவள் எழுதினாள். "நான் அவர் பொண்ணுன்னும் போடறேன்" என்றாள். போட்டாள். அனுப்பும் பொத்தான்மேல் அவள் விரல் நின்றது. நான் என் விரலால் அழுத்தினேன்.

பதினேழு பெயரில் எங்கள் மின்மினியைத் தவிர எல்லாம் சாம்பல். எல்லோரும் வேலையில் இருப்பார்கள், பஸ்ஸில் இருப்பார்கள், தறியில் இருப்பார்கள். அவர்கள் முகம்கூட எங்களுக்குத் தெரியாது.

"எனக்கும் ஒரு பேரு போட்டுக் குடு பாப்பா" என்றார் பாவா திடீரென்று.

"எதுக்கு பெரிநைனா?"

"பத்துல ஒன்னு நான் ஏத்தறேன். உண்டியல்ல போட்டவன் நான்தான?" தன் போனை நீட்டினார். மண்வெட்டி பிடித்த விரல், திரையில் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுந்தது. "இன்னா பேரு வெக்கலாம்?"

"உங்க பேரே வையுங்க."

"மொட்டன்னு வைம்மா. உன் நைனா சின்ன வயசுல என்ன அப்படித்தான் கூப்புடுவான்."

யுவஸ்ரீ சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. நாளைக் காலை ஐந்து முப்பத்தொன்றுக்கு அங்கே உண்டியலுக்குள், சில்லறைக்கும் நோட்டுக்கும் நடுவில், அவர் போன் அடிக்கும். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. யாரும் தொடாவிட்டால் தானாக நிற்கும், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அடிக்கும்.

"அம்மா, பாரு."

ஒரு பெயர் பச்சையாகியிருந்தது. கௌதமன், மணவூர். அதன் கீழே 'எழுதுகிறார்' என்று மினுக்கியது. நின்றது. மறுபடி மினுக்கியது. மறுபடி நின்றது. மூன்று பேரும் ஒரு சிறிய திரைக்குமேல் தலையை முட்டிக்கொண்டு இருந்தோம்.

வந்தது.

'அக்கா, நாளைக்கி வெளக்கு என்னுது. நான் ஏத்தறேன்.'

யுவஸ்ரீ என் கையைப் பிடித்தாள். அதற்குள் இன்னொன்று வந்தது. அவள் சத்தமாகவே படித்தாள்.

'அந்த வெள்ளிக்கிழம நாலு மணிக்கு அண்ணன் எங்கூட போன்ல பேசிகினு இருந்தாரு. ஆடல. என் பிரச்சினைய கேட்டுகினு இருந்தாரு. நடுவுல யாரோ மூணு தடவ கூப்ட்டாங்க. எங்க அண்ணன்தான், அப்பறம் பேசிக்கறேன்னு சொன்னாரு. அவர் அன்னிக்கி சொன்னத உங்க வீட்ல நேர்ல வந்து சொல்லணும். வரலாமா?'

பாவா மொட்டைத் தலைமேல் கையை வைத்தார். எடுக்கவே இல்லை.

"வரச் சொல்லும்மா" என்றார் கடைசியில். "இன்னிக்கே வரச் சொல்லு."